பத்து நிமிஷம் ஓடிப் பிறகு தளரும் யந்திரம்

சினிமா ஓடுகிறது, ஆட்டம் ஓடவில்லை

மூன்று மணி நேரச் சினிமாவை ஒரு சிறு தடங்கலுமின்றித் தெளிவாகக் காட்டுகிற மேசைக் கணினி, அதே திரையில் ஒரு பந்தய ஆட்டத்தையோ போர் ஆட்டத்தையோ ஓடவிட்டவுடன் ஏன் திக்கித் திணறுகிறது என்ற ஐயம், பிள்ளைகள் உள்ள வீட்டில் வசிக்கும் எவருக்கும் என்றாவது ஒரு நாள் எழுந்திருக்கும். சினிமாவிலும் குதிரை ஓடுகிறது, ஆட்டத்திலும் குதிரை ஓடுகிறது. சினிமாவில் ஓடுவது மெய்யான குதிரை ஆகையால், அதைக் காட்டுவதுதான் யந்திரத்துக்குக் கஷ்டமாக இருக்கவேண்டும் என்றுகூடத் தோன்றும்.

உண்மை இதற்கு நேர்மாறானது. சினிமாவின் சித்திரங்கள் யாவும் என்றோ எடுத்து முடிந்து, சுருக்கி அடுக்கப்பட்டு, ஒரே கோப்பாக வந்து சேர்ந்தவை. கணினி செய்யவேண்டியதெல்லாம் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரையில் வைப்பதுதான். அந்தக் காரியத்துக்கென்றே தனியான சிறு மின்சுற்று ஒன்றும் இக்காலத்துக் கணினிகளில் இருக்கிறது. ஆட்டத்தின் சித்திரமோ, அது திரைக்கு வருவதற்கு முந்தைய கணம் வரையில் உலகத்தில் எங்குமே இருந்ததில்லை. ஆடுகிறவன் இடப்பக்கம் திரும்புவானா வலப்பக்கம் திரும்புவானா என்பது அவன் கை அசையும்வரை யாருக்கும் தெரியாதாகையால், அவன் அசைந்த பிறகே, அந்த ஒரு பார்வைக்குரிய மரத்தையும் சுவரையும் நிழலையும் புதிதாகக் கணக்கிட்டு வரைந்தாக வேண்டும். ஊருக்குப் புறப்படும்போது கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பரிமாறுவதற்கும், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் கேட்கக் கேட்க அடுப்படியில் நின்று தோசை வார்த்துப் போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வித்தியாசம் இந்த இரண்டுக்கும் உண்டு.

இதன் சூட்சுமத்தை நான் பிரத்தியட்சமாகக் கண்டது, மதுரையில் என் அக்கா வீட்டில், ஒரு வைகாசி மாதத்து மத்தியானத்தில். அக்காவின் மகன் கல்லூரி மாணவன், விடுமுறையில் தன் கணினியில் ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் முறையிட்டான்: "மாமா, ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுது. பத்து நிமிஷம் ஆனா திடீர்னு பாதியா விழுந்துடுது. லேக் அடிச்சுக் கொல்லுது. கார்டு பழசாயிடுச்சு, மாத்தணும்." கார்டு என்று அவன் குறிப்பிட்டது கிராஃபிக்ஸ் கார்டை. அதன் விலை சில பத்தாயிரங்கள். அக்கா பணம் கொடுக்கச் சம்மதித்தும் விட்டாள். ஒரு நாள் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்த விசாரணையே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஒரு சித்திரத்துக்கு எத்தனை நேரம்?

திரையில் நாம் காணும் அசைவு, அசையாத சித்திரங்கள் பலவற்றை அடுத்தடுத்துக் காட்டுவதால் உண்டாகும் தோற்றம் என்பதை வாசகர் அறிவர். அப்படிப்பட்ட ஒரு தனிச் சித்திரத்தை ஆங்கிலத்தில் ஃபிரேம் என்பார்கள். நாம் சித்திரம் என்றே சொல்லிக்கொண்டு போவோம். பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமாவுக்கு விநாடிக்கு 24 சித்திரங்கள் என்று ஏற்பட்டுவிட்டது. சாதாரணக் கணினித் திரையோ விநாடிக்கு 60 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடுவதாக நமக்குத் தோன்றவேண்டுமானால், விநாடியை 60 கூறாக்கி, ஒரு கூறுக்கு ஒரு சித்திரம் வீதம் தயாராகிக்கொண்டே இருக்கவேண்டும். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில்லி விநாடி என்று பெயர். அந்தக் கணக்கில் ஒரு சித்திரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி.

சினிமாவுக்கு 24 போதுமானால் ஆட்டத்துக்கு 60 எதற்கு என்று கேட்கலாம். காமிராவின் கண் ஒவ்வொரு சித்திரத்துக்கும் சற்று நேரம் திறந்தே இருப்பதால், ஓடும் பொருள் சற்றுக் கலங்கலாகப் பதிகிறது. அந்தக் கலங்கலே ஒரு சித்திரத்தை அடுத்ததோடு ஒட்டவைக்கும் பசை. ஆட்டத்தின் சித்திரங்களுக்கு இயல்பாக அந்தக் கலங்கல் கிடையாது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு: சினிமாவில் நாம் வெறும் சாட்சிகள், ஆட்டத்திலோ கை அசைகிறது, அசைத்ததன் பலனைக் கண் எதிர்பார்க்கிறது, பலன் வரச் சற்றுத் தாமதித்தாலும் மனம் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. 1993-ல் வெளிவந்த 'டூம்' என்ற புகழ்பெற்ற ஆட்டம் விநாடிக்கு 35 சித்திரங்களுக்கு மேல் காட்டாதபடி அமைக்கப்பட்டிருந்தது. அந்நாளில் அதுவே பெரிய வேகம். இன்றோ விநாடிக்கு 144 தடவை புதுப்பித்துக்கொள்ளும் திரைகள் சாதாரணமாகக் கடைகளில் விற்கின்றன. அவற்றுக்கு ஈடுகொடுக்க ஒரு சித்திரத்தை 7 மில்லி விநாடிக்குள் முடித்தாகவேண்டும்.

இருவர் சேர்ந்து செய்யும் வேலை

ஒரு சித்திரத்தைத் தயாரிப்பதில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. முதலாமவர் மையச் செயலி, அதாவது சிபியு. ஆடுகிறவன் எந்தப் பொத்தானை அழுத்தினான், எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த கல் எங்கே போய் விழும், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பவற்றையெல்லாம் தீர்மானித்து, வரையவேண்டிய பொருள்களின் பட்டியலை எழுதிக் கொடுப்பது அதன் கடமை. இரண்டாமவர் சித்திரச் செயலி, அதாவது கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள ஜிபியு. அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிட்டுப் பூசுவது அதன் கடமை. அகலத்தில் 1920 புள்ளியும் உயரத்தில் 1080 புள்ளியும் கொண்ட ஒரு திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 சித்திரம் என்றால், ஒரே விநாடியில் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானமாகவேண்டும்.

இவ்விரண்டும் ஏககாலத்தில் வேலை செய்கின்றன என்பதை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கார்டு இந்தச் சித்திரத்தை வரைந்துகொண்டிருக்கையில், செயலி அடுத்த சித்திரத்துக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும். சுவர் எழுப்பும் கொத்தனாருக்குச் சித்தாள் கலவை கொண்டுவந்து கொடுப்பதைப் போன்றது இது. கலவை தாமதமானால், எத்தனை கைதேர்ந்த கொத்தனாரும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்; கொத்தனார் மந்தமானால் கலவைச் சட்டி காத்துக்கிடக்கும். இருவரில் எவர் மெதுவோ அவருடைய வேகமே சுவரின் வேகம். அந்த மெதுவான இடத்தைத் தாமத ஸ்தானம் என்று அழைப்போம். கணினி ஆட்டத்தின் நோய்களில் முக்காலே மூன்று வீசம், தாமத ஸ்தானம் எது என்று தெரிந்துகொள்ளாமல் வேறொரு இடத்தில் பணத்தைக் கொட்டுவதால் தீராமல் நிற்பவை.

சரிபாதியாக விழுந்தது ஏன்?

மருமகனுடைய முறையீட்டில் என் மனத்தைக் கவ்விய வார்த்தை 'பாதியா' என்பது. திரையின் மூலையில் வேகத்தை எண்ணிக் காட்டும் சிறு வசதி ஒன்று ஆட்டத்திலேயே இருந்தது. அதை இயக்கிவிட்டுப் பார்த்தோம். முதல் சில நிமிஷங்கள் 60 என்ற எண் ஆணி அடித்தாற்போல் நின்றது. பத்தாம் நிமிஷம் தாண்டியதும், 55 என்றோ 50 என்றோ படிப்படியாக இறங்காமல், ஒரே தாவலில் 30-க்கு விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. கார்டு பழசானால் முதல் நிமிஷத்திலிருந்தே அல்லவா மெதுவாக இருக்கவேண்டும்? அதுவும் சரிபாதியாக இறங்குவானேன்?

இதற்கு விடை, திரை ஒத்திசைவு என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் வீ-சிங்க் என்ற பெயரில் அது காணப்படும். திரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நடுவில் கார்டு ஒரு புதிய சித்திரத்தைக் கொண்டுவந்து திணித்தால், மேற்பாதியில் பழைய சித்திரமும் கீழ்ப்பாதியில் புதிய சித்திரமுமாக, துணி கிழிந்ததுபோல் ஒரு கோடு தெரியும். அது நேராமலிருக்க, திரை புதுப்பிக்கும் நேரம் வரும்வரை முடிந்த சித்திரத்தை நிறுத்திவைப்பதே இந்த ஏற்பாடு. அரை மணிக்கு ஒரு தடவை புறப்படும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் நிறுத்தத்துக்கு வருகிறவர் ஐந்து நிமிஷம் காத்திருந்து ஏறிவிடுவார். முப்பத்தோராவது நிமிஷத்தில் வருகிறவரோ, தாமதித்தது ஒரே நிமிஷமானாலும், அடுத்த பஸ்வரை இருபத்தொன்பது நிமிஷம் நின்றாகவேண்டும். அதேபோல் 16 மில்லி விநாடியில் முடிந்த சித்திரம் 16.7-க்குத் திரையேறிவிடும், 18 மில்லி விநாடியில் முடிந்தது 33.3 வரை காத்திருக்கும். 33.3 மில்லி விநாடிக்கு ஒரு சித்திரம் என்பது விநாடிக்கு 30. ஆகவே யந்திரத்தின் தளர்ச்சி படிப்படியானதாகவே இருந்தபோதிலும், கண்ணுக்கு அது திடீர் வீழ்ச்சியாகத் தெரிந்தது.

எல்லாக் கணினிகளிலும் இப்படித்தான் என்று எண்ணவேண்டாம். முடிந்த சித்திரத்தை வைக்க மூன்றாவது தட்டு ஒன்று கொடுத்துச் சில ஆட்டங்கள் இந்த நஷ்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. திரையையே கார்டின் வேகத்துக்கு இணங்கிப் புதுப்பிக்கச் செய்யும் முறையை 2013-ல் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தது. ஏஎம்டி நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் அதையடுத்து வந்தது. பயணி வந்தவுடன் பஸ் புறப்பட்டுவிடும் ஏற்பாடு அது. மருமகனின் பழைய திரையில் அந்த வசதி கிடையாது.

உள்ளே நடப்பதை ஒளிவுமறைவின்றிப் பார்க்கவேண்டி, முதலில் அந்த ஒத்திசைவை நிறுத்திவைத்தோம். இப்போது எண் உண்மையைச் சொல்லத் தொடங்கியது: ஆரம்பத்தில் 70, ஆறாம் நிமிஷத்தில் 62, எட்டாம் நிமிஷத்தில் 50, பன்னிரண்டாம் நிமிஷத்தில் 36. அதற்குக் கீழே போகவில்லை. 60 என்ற கட்டு நீங்கி யந்திரம் முழு மூச்சாக உழைத்ததால், தளர்ச்சி முன்னைவிடச் சற்றுச் சீக்கிரமே வந்தது.

குற்றமற்ற கார்டு

விநாடிக்கு 36 என்றால் ஒரு சித்திரத்துக்கு ஏறத்தாழ 28 மில்லி விநாடி. இந்த 28 யாருடையது? செயலியுடையதா, கார்டினுடையதா? இதைக் கண்டறியக் காசில்லாத பரீட்சை ஒன்று உண்டு. எந்த வாசகரும் தம் வீட்டில் செய்து பார்க்கலாம். ஆட்டத்தின் அமைப்பில் திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 என்று குறைத்துவிடுங்கள். புள்ளிகள் 20,73,600-லிருந்து 9,21,600-ஆகக் குறைகின்றன. கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. செயலி எழுதவேண்டிய பட்டியலோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஏனெனில் எதிரியும் கதவும் கல்லும் அவையவையே. இப்படிக் குறைத்தவுடன் வேகம் நன்றாக ஏறினால் தாமத ஸ்தானம் கார்டு. ஏறாவிட்டால் கார்டு நிரபராதி.

நாங்கள் குறைத்தோம். எண் 36-லிருந்து 37 ஆயிற்று. மருமகன் நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு புள்ளிகளைப் பழைய எண்ணிக்கைக்கே திருப்பிவிட்டு, விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். கார்டு தன் சக்தியில் நூற்றுக்கு 43 பங்கையே செலவிடுவதாக அது காட்டியது. 28 மில்லி விநாடியில் 12-ஐ வரைவதில் கழித்துவிட்டு, மீதி 16-ஐக் கலவைக்குக் காத்திருக்கும் கொத்தனாரைப் போல் கார்டு சும்மா கழித்துக்கொண்டிருந்தது என்பது இதன் பொருள். இதைவிட இரண்டு மடங்கு வேகமான புதுக் கார்டை வாங்கிப் பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 12 மில்லி விநாடி வேலை 6-ல் முடிந்து, 22 மில்லி விநாடி சும்மா இருந்திருக்கும். சித்திரம் வந்து சேர அப்போதும் 28 மில்லி விநாடிதான். பணம் முழுவதும் காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதற்கே செலவாகியிருக்கும்.

டாஸ்க் மேனேஜரைப் படிப்பதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. செயலிக்கு நேராக நூற்றுக்கு 40 என்று இருப்பதைக் கண்டு, செயலிக்குச் சிரமமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்றைய செயலி ஒன்றல்ல. ஒரே தகட்டில் நாலு, ஆறு, எட்டு என்று பல உட்செயலிகள் குடியிருக்கின்றன, அவற்றைக் கோர் என்பார்கள். ஆறு உட்செயலிகளில் ஒன்று மூச்சுத் திணற உழைத்து மற்ற ஐந்தும் சும்மா இருந்தால், மொத்தக் கணக்கு 17 என்றே காட்டும். ஆட்டங்களில் முக்கியமான வேலையைப் பெரும்பாலும் ஓர் உட்செயலியே இழுத்துச் செல்கிறது. ஆகையால் மொத்தத்தை நம்பாமல், உட்செயலி ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாகக் காட்டும்படி மாற்றிப் பார்க்கவேண்டும்.

உஷ்ணம்

தாமத ஸ்தானம் செயலி என்று தீர்ந்தது. ஆனால் அதே செயலி முதல் நிமிஷத்தில் 14 மில்லி விநாடியில் செய்த வேலைக்குப் பன்னிரண்டாம் நிமிஷத்தில் 28 எடுத்துக்கொள்வானேன்? கணினியை நிறுத்தி அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டுத் திரும்ப ஓட்டியபோது, எண் மறுபடியும் 70-ல் தொடங்கியது. ஓய்வெடுத்தால் தேறுகிற நோய் இது. பொருள் தேய்ந்துபோனதன் அடையாளம் அல்ல.

செயலியின் வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிட்டோம். ஆட்டம் தொடங்குமுன் 52 டிகிரி. மூன்றாம் நிமிஷத்தில் 85. ஏழாம் நிமிஷத்துக்குள் 100-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. அது 100-ஐத் தொட்ட பிறகு, செயலியின் துடிப்பு, அதாவது அதன் வேலைக்குத் தாளம் போடும் வேகம், 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து இறங்கி இறங்கி 2-க்கு வந்து சேர்ந்தது. துடிப்பு பாதியானது, நேரம் இரட்டித்தது, கணக்கு நேரானது.

செயலி தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது ஆத்மரட்சணைக்காக. மேசைக் கணினிகளின் செயலிகளுக்குப் பொதுவாக 95 அல்லது 100 டிகிரியை ஒட்டி ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையில் அது துடிப்பைத் தளர்த்தி, மின்னழுத்தத்தையும் குறைத்து, வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. இதற்கு வெப்பத் தளர்ச்சி என்று பெயரிடலாம். மின்னழுத்தமும் கூடவே குறைவதால், வேகம் குறையும் அளவைக்காட்டிலும் வெப்பம் மிகுதியாகக் குறைகிறது. அதனால்தான் வேகத்தைப் பாதியாக்கிக்கொண்ட செயலி, நின்றுபோகாமல் மணிக்கணக்கில் அப்படியே ஓடமுடிகிறது.

அவ்வளவு உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்று வியப்பவர்களுக்கு ஒரு கணக்கு. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி 1000 வாட் சக்தியை ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரப்புகிறது; சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். செயலியின் சிலிக்கான் சில்லு விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் இருக்கும்; அதிலிருந்து 75 வாட் வெளிப்படுமானால் சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட். பரப்புக்குப் பரப்பு பார்த்தால் இஸ்திரிப் பெட்டியைப்போல் பத்து மடங்கு உஷ்ணம் அந்தச் சிறு சில்லிலிருந்து இடைவிடாமல் வெளியேறியாகவேண்டும். அதைத் தூக்கிச் செல்வதற்காகத்தான் செயலியின் தலைமேல் உலோக இதழ்கள் அடுக்கிய ஒரு குளிர்விப்பானும், அதன்மேல் ஒரு விசிறியும் உட்கார்ந்திருக்கின்றன. விசிறி வீசுவது அறையின் காற்றையே ஆதலால், குளிரூட்டிய அறையில் 24 டிகிரிக் காற்றைப் பெறும் யந்திரத்துக்கும், வைகாசி மாதத்து மதுரையில் 36 டிகிரிக் காற்றைப் பெறும் யந்திரத்துக்கும் தொடக்கத்திலேயே 12 டிகிரி வித்தியாசம் விழுந்துவிடுகிறது. மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணினி சித்திரையில் திணறுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பெட்டியைத் திறந்தபோது

மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினோம். விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் நடுவில், சாம்பல் நிறக் கம்பளித் துண்டு ஒன்றை வெட்டிப் பொருத்தியதுபோல் தூசு படிந்திருந்தது. நகத்தால் நெம்பியபோது முழுதாக ஒரே வட்டமாகக் கையோடு வந்துவிட்டது. விசிறி சுழன்றதென்னவோ உண்மை. ஆனால் அதன் காற்று இதழ்களுக்குள் நுழையவே இல்லை.

அதைவிட விபரீதம் அடியில் இருந்தது. அந்தக் குளிர்விப்பானைத் தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், இறுக்கிப் பிடிப்பவை நான்கு பிளாஸ்டிக் கால்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் விழுவதுபோல், ஒவ்வொன்றும் தன் துளையில் 'டக்' என்று உட்காரவேண்டும். மூன்று உட்கார்ந்திருந்தன, நாலாவது துளையின் வாயிலேயே சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதனால் குளிர்விப்பான் ஒரு மூலையில் மயிரிழை அளவு தூக்கிக்கொண்டிருக்க, அந்த இடுக்கில் காற்று புகுந்திருந்தது. செம்பு காற்றைக்காட்டிலும் ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக உஷ்ணத்தைக் கடத்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுப் படலமே போதும், வெப்பத்தின் வழி அடைபட்டுப்போகும். அந்தக் காற்றை வெளியேற்றுவதற்காகவே சில்லின் மூடிக்கும் உலோகத்துக்கும் இடையில் வெப்பப் பசை பூசுகிறார்கள். தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். இங்கே அந்தப் பசை வருஷக்கணக்கில் உலர்ந்து, கரும்பலகைச் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது.

பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து எடுத்தோம். விசிறியின் இறக்கைகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூசை ஊதினோம். பிடிக்காமல் ஊதினால் இறக்கை வெறிகொண்டு சுழன்று அச்சு கெட்டுப்போகும். ஒரு பட்டாணி அளவு புதிய பசையை நடுவில் வைத்து, குளிர்விப்பானை இறக்கி, குறுக்குக்குறுக்காக எதிரெதிர்க் கால்களை அழுத்தினோம். நாலாவது கால் 'டக்' என்று உட்கார்ந்த சத்தத்தை மருமகன் முகமலர்ச்சியோடு கேட்டான்.

அன்று மாலை ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடியது. வெப்பம் 79 டிகிரிக்கு மேலே ஏறவில்லை. எண் 70-ஐ விட்டு இறங்கவில்லை. ஒத்திசைவைத் திரும்ப இயக்கியதும் 60-ல் நிலைத்தது.

சராசரி மறைத்த திக்கல்

ஆனாலும் ஒரு குறை மிஞ்சியது. ஆட்டத்தின் நகரத்தில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் திரும்பும்போதெல்லாம், ஒரு கண் இமைக்கும் நேரம் எல்லாம் உறைந்து நின்று, பிறகு ஓடியது. மூலையில் உள்ள எண்ணோ 60-ஐ ஒட்டியே இருந்தது. எண் பொய் சொல்கிறதா என்று மருமகன் கேட்டான்.

பொய் சொல்லவில்லை, சராசரியைச் சொல்கிறது. ஒரு விநாடியில் 59 சித்திரங்கள் ஒவ்வொன்றும் 10 மில்லி விநாடியில் முடிந்து, அறுபதாவது மட்டும் 410 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மொத்தம் சரியாக ஆயிரம். ஆகவே விநாடிக்கு 60 சித்திரம். கணக்குப்படி குற்றமில்லை, கண்ணுக்கோ ஏறக்குறைய அரை விநாடி உலகமே நின்றுபோயிற்று. கணினிக் கருவிகளைப் பரிசோதித்து எழுதுகிறவர்கள்கூட நெடுங்காலம் சராசரி ஒன்றையே வைத்துத் தீர்ப்பளித்துவந்தார்கள். 2011-ல் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், விநாடிக்கு எத்தனை சித்திரம் என்று எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு சித்திரத்துக்கும் எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று தனித்தனியே அளந்து காட்டினார். அதற்குப் பிறகுதான், சராசரியில் சிறந்த கார்டு சில சமயம் கண்ணுக்கு மட்டமாகத் தெரிவதன் காரணம் எல்லோருக்கும் விளங்கிற்று. இது இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய தெளிவு என்பது என் அபிப்பிராயம்.

சுழலும் தட்டு

தெரு திரும்பும்போது மட்டும் திக்குவது, புதிய தெருவின் சித்திரப் பொருள்கள் எங்கிருந்தோ வந்துசேரத் தாமதிப்பதைக் காட்டுகிறது. அவை இருந்த இடம் ஹார்டு டிஸ்க். அதற்குள் உலோகம் பூசிய தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 7200 சுற்று வீதம் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் முள்ளுக்கு நேரே சுழன்று வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். முள் உரிய தடத்துக்கு நகரவும் 8, 9 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. ஆக, ஓர் இடத்திலுள்ள தகவலைத் தொட்டு எடுக்க ஏறத்தாழ 12.5 மில்லி விநாடி. புதிய தெருவுக்கு வேண்டிய பொருள்கள் தட்டில் இருபது இடங்களில் சிதறிக் கிடந்தால் 250 மில்லி விநாடி, கால் விநாடி. பதினைந்து சித்திரங்கள் திரையேறவேண்டிய நேரம் அது. மின்னணு வேகத்தில் நடக்கும் காரியங்களுக்கு நடுவில், இன்றும் ஒரு தட்டு சுழன்று வருவதற்காகக் கணினி காத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்புச் சாதனத்தில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஓர் இடத்தைத் தொடுவதற்கு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆனால் அதிகம். இருபது இடங்களுக்கும் சேர்த்து 2 மில்லி விநாடி. மறுநாள் ஒரு சிறிய எஸ்எஸ்டியை வாங்கி, ஆட்டத்தை மட்டும் அதற்கு மாற்றினோம். தெருமுனைத் திக்கல் மறைந்தது.

கண்ணில் படாத சிறு பிழைகள்

எல்லா வீட்டிலும் குற்றவாளி உஷ்ணமும் தட்டுமே என்று சொல்லமாட்டேன். திரையின் கேபிளைக் கார்டில் செருகாமல் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிட்டு, விலையுயர்ந்த கார்டைப் பெரும்பாலும் தூங்கவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். 144 தடவை புதுப்பிக்கும் திரையை வாங்கியும், விண்டோஸின் அமைப்பில் 60 என்று இருப்பதை மாற்றாதவர்களும் உண்டு. ராம் எனப்படும் நினைவகப் பலகை இரண்டு இருந்தால் செயலி இரண்டு வழியாகத் தகவலை இழுக்கும்; டிடிஆர்4-3200 வகையில் ஒரு பலகைக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, உரிய துளைகளில் செருகிய இரண்டுக்கு 51.2 ஜிபி. ஒரே பலகையோடு நிறுத்திக்கொண்டால், செயலி மெதுவாக இருக்கும் ஆட்டங்களில் அந்தக் குறை நன்றாகவே தெரியும். ஆட்டத்தின் சித்திரத் தரத்தைத் தாங்கமுடியாத அளவுக்கு உயர்த்தி, கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழியும்போதும் திக்கல் உண்டாகும். அப்போது தரத்தை ஒரு படி இறக்கினால் போதும். இணையத்தின் வழியே பிறரோடு ஆடும்போது எதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதுபோல் தோன்றி, மரமும் சுவரும் மட்டும் வழுக்கிக்கொண்டே நகருமானால், அது தொலைத்தொடர்பின் தாமதம். பெட்டிக்குள் தேடிப் பயனில்லை.

எதைச் சோதித்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வேகம் ஏறினால், எதனால் ஏறியது என்பது கடைசிவரை தெரியாது. மருமகனின் நோட்டில் அன்று நாங்கள் எழுதிய வரிகள் பதினான்கு.

பசைக்கும் எஸ்எஸ்டிக்கும் ஆன செலவு, கார்டுக்கென்று பேசிய தொகையில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பழைய கார்டோடுதான் அவன் இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறான். வருஷந்தோறும் பங்குனி மாதக் கடைசியில், வெயில் ஏறுமுன், பக்கத் தகட்டைக் கழற்றித் தூசைத் துடைத்து, நாலு கால்களையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மூடுகிறான்.